ஏட்டம்மாவுக்கு மட்டும் பச்சைக் கோடு

என்ன மக்களே, எல்லாரும் நல்லா இருக்கீகளா? உங்க பக்கம் மழை உண்டுமா? விருதுநகர்ல வத்தல் காயப்போட்ட களமெல்லாம் நனைஞ்சு போச்சுன்னு சொன்னாக. சரி, உக்காருங்க. போலீஸ்ல இருந்த எஸ்தர் ஏட்டம்மாவைத் தெரிஞ்சவுக எல்லாரும் கேக்கட்டும்னுதான் இதைச் சொல்றேன்.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் செல்வி எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் அச்சில் நன்றாக இருக்காது என்று அவளே புத்தகத் தமிழில் மாற்றிக்கொள்கிறாள். நடுவில் நான் வேறு கதைக்குப் போனால் பேனாவை மூடி வைத்துவிடுகிறாள். இதுவரை இரண்டு தடவை மூடிவிட்டாள்.

சேதி வந்தது காலை டீ நேரத்தில். ஆமத்தூரிலிருந்து என் டிவிஎஸ் வண்டியில் டீ கேனைக் கட்டிக்கொண்டு வந்து, விருதுநகர் ஆயுதப்படை மைதானத்து வேப்பமர நிழலில் நிறுத்தி, வழக்கம்போலக் கிளாஸ்களில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு போலீஸ்காரத் தம்பி வந்து பக்கத்தில் நின்றார். "அண்ணாச்சி, சீனி இல்லாம ஒண்ணு ஊத்துவீகல்ல, அதை ஊத்தாதீக. ஏட்டம்மா தவறிட்டாக" என்றார். அந்த டீயை நான் ஏற்கனவே ஊற்றியிருந்தேன். இஞ்சி கூடப் போட்டது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பந்தோபஸ்து முடிந்து வீட்டுக்கு வந்தவர், கொஞ்சம் படுக்கிறேன் என்று சொல்லிப் படுத்தாராம். எழுந்திருக்கவில்லை. டாக்டர் நெஞ்சு நின்றுவிட்டது என்றாராம்.

எனக்குக் குழப்பம் அங்கேதான் தொடங்கியது. அந்த நெஞ்சைத்தானே போலீஸ் பயிற்சியில் மாதக்கணக்கில் பெல்ட் கட்டி அளந்தார்கள்? ஒவ்வொரு தடவையும் பச்சை, பச்சை என்றுதானே கம்ப்யூட்டர் சொன்னது? அடக்கத்தன்று அந்த மிஷினுக்குப் பொறுப்பான நிவேதா மேடம் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். அவரிடமே கேட்டேன். "அது துடிப்ப மட்டும் எண்ணுமுங்கண்ணா. நோயப் பாக்காதுங்க" என்றார். துடிப்பை எண்ணுகிற சாமானுக்கு, துடிப்பு நிற்கப் போவது எப்படித் தெரியாமல் போகும்? அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்ததால் மேலே கேட்கவில்லை.

ஏட்டம்மாவுக்கும் ஆமத்தூர்தான். போலீஸ் வேலைக்கு வருவதற்கு முன்னால் அவரும் அவர் அம்மாவும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் ரூமில் வேலை பார்த்தவர்கள். வீட்டுக்காரர் ஜான்சன் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அமைதியான மனிதர். அவர்கள் கல்யாணத்துக்கு நான்தான் டீ போட்டேன். அந்தக் கல்யாணத்தில் பால் திரிந்துபோன கதை ஒன்று இருக்கிறது. செல்வி பேனாவைப் பார்க்கிறாள். சரி, வேண்டாம்.

சில வருசங்களுக்கு முன்னால் ஒரு கம்பெனியில் வெடி விபத்து. எந்தக் கம்பெனி என்பது இங்கே எதற்கு? எங்கள் பக்கத்தில் முதல் வெடி கேட்டதும் யாரும் உள்ளே போக மாட்டார்கள். அடுத்த ரூமும் பிடிக்குமா என்று பார்த்து நிற்பார்கள். உள்ளே சொந்தக்காரர் இருந்தால் மட்டும் இந்தப் புத்தி வேலை செய்யாது. அன்றைக்கு வாசலில் கூட்டத்தைத் தடுத்து நின்றவர் ஏட்டம்மா. விஸ்வநத்தத்துக்காரர் பால்பாண்டி, லோடு ஏற்றுகிறவர், அவருடைய மனைவி உள்ளே வேலை செய்கிறார். "என் பொஞ்சாதி உள்ள இருக்கா" என்று கத்திக்கொண்டே ஏட்டம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினார். அடுத்த ரூம் வெடித்தது. அவர் அதிலேயே போய்விட்டார். அவர் மனைவியோ அதற்கு முன்னமே பின்பக்க வேலி வழியாக வெளியே வந்து, வீட்டுக்காரரைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறார். அது வாசலில் இருந்த யாருக்கும் தெரியாது.

ஏட்டம்மாவை யாரும் குற்றம் சொல்லவில்லை. கொஞ்ச நாள் ஓய்வாக இருக்கட்டும் என்று ஸ்டேஷனிலிருந்து எடுத்துத் தபால் பிரிவில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாள் என்பது நீண்டுகொண்டே போனது. ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "கேட்டுல நின்னவ நானு. திரும்பக் கேட்டுலதான் போயி நிக்கணும் அண்ணாச்சி. இங்கன உக்காந்து கவர் ஒட்டிக்கிட்டே இருந்தா எனக்கு அந்த நாளு முடியவே முடியாது." அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மறுபடி ஸ்டேஷன், மறுபடி வாசல்.

அந்த நேரத்தில்தான் கண்ணாடிப் பயிற்சி வந்தது. மெய்நிகர்ப் பயிற்சி என்று எழுத வேண்டும் என்கிறாள் செல்வி. குதிரைக்குக் கண்பட்டை கட்டுகிற மாதிரி முகத்தை மூடி ஒரு பெரிய கண்ணாடி. அதைப் போட்டால் நாம் நிற்கிற அறை போய்விடும். பட்டாசுக் கம்பெனி வாசல், புகை, கூட்டம் எல்லாம் கண் முன்னால் வரும். கூட்டத்தை அடிக்காமல், வையாமல், உள்ளே விடாமல் நிறுத்த வேண்டும். அதுதான் பரீட்சை. நெஞ்சில் பெல்ட், விரலில் கிளிப். கண்ணாடிக்குள்ளேயே இன்னொரு சாமான் இருந்து கண்ணின் கருமணி விரிவதைப் பார்க்குமாம். வெளியே நிவேதா மேடத்தின் கம்ப்யூட்டரில் இரண்டு கோடு ஓடும். ஒன்று பதற்றம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும். மற்றது மூளை எவ்வளவு பாடுபடுகிறது என்பது. அது வெள்ளைக் கோடு. பதறுவதும் பாடுபடுவதும் வேறு வேறு என்றார் மேடம். எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் வந்திருக்கிறது, அதனால் அது இன்றைக்கும் விளங்கவில்லை.

கூட்டத்தைப் படம் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. டீ கொடுக்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டார்கள். என் குரல் பெரிது, கதை சொல்லிச் சொல்லி வந்த குரல். "என் மக உள்ள இருக்கா, விடுங்க" என்று கத்திக்கொண்டு துண்டை உதறி ஓடி வர வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாரையும் கூட்டி வந்து பின்னால் நிறுத்தினேன். என் மச்சினன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். யாருடையதோ ஒரு வெள்ளாடு குறுக்கே போனது. திரும்ப எடுக்க நேரமில்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள். ஆடும் மச்சினனும் இன்னும் அந்தப் படத்துக்குள் இருக்கிறார்கள். என் தொண்டை கட்டி, வீட்டுக்காரி சுக்கு வைத்துக் கொடுத்து, அந்தச் சுக்கை வாங்கிய கடையில்... சரி, சரி.

பயிற்சி தொடங்கியதும் நிவேதா மேடத்துக்குத் தலைவலி வந்தது. வெளியூர்க்காரர்களுக்குக் கோடு ஒழுங்காக ஏறி இறங்கியது. நம் ஆட்களுக்கு வெடிச் சத்தத்தில் சிவப்பு வரைக்கும் போகும், நான் துண்டை உதறிக்கொண்டு வந்ததும் சரேலென்று இறங்கிவிடும். ஒருவர் கண்ணாடிக்குள்ளிருந்தே, "என்ன அண்ணாச்சி, கேனை எங்கன விட்டுட்டு வந்தீக" என்று கேட்டாராம். இன்னொருவர், "ஏலே, ஆட்டைப் பிடிங்கலே" என்றாராம். மேடம் என்னிடம் வந்து, "உங்கள ஏனுங்கண்ணா எல்லாருக்கும் தெரியுது?" என்று வருத்தமாகக் கேட்டார். டீ குடிக்கிற போலீஸ்காரர் அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும் என்பது படம் பிடித்த யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

முடித்து வெளியே வந்தவரிடம் மேடம் ஒரு கேள்வி கேட்பார். எவ்வளவு கஷ்டமாக இருந்தது, பத்துக்கு எத்தனை? நம் போலீஸ்காரர்கள் அதிகாரி நிற்கும்போது கஷ்டம் என்று சொல்வார்களா? சட்டை முதுகில் ஒட்டியிருக்கும், கம்ப்யூட்டரில் சிவப்புக் கோடு இன்னும் இறங்கியிருக்காது. "ரெண்டு மேடம். லேசாத்தான் இருந்துச்சு" என்பார்கள்.

ஏட்டம்மா ஒருவர்தான் நேர்மாறாக இருந்தார். அவர் கோடு தொடக்கத்திலிருந்து கடைசி வரை பச்சை. வெடித்தாலும் பச்சை. நான் ஓடி வந்தால் இன்னும் கீழே இறங்கிப் பச்சை. என்னை உள்ளே விட்டதும் இல்லை, ஒரு தடவைகூட. ஆனால் வெளியே வந்து பத்துக்கு எத்தனை என்று கேட்டால், "ஒம்போது" என்பார்.

அதிகாரி அந்தப் பச்சையைப் பார்த்தார், ஒன்பதையும் பார்த்தார். இரண்டும் ஒட்டவில்லை. நல்ல மனிதர், உதவி செய்யத்தான் நினைத்தார். "ஏம்மா, நீங்களும் ரெண்டுன்னு சொல்லிட்டுப் போங்களேன். கோடு பச்சையா இருக்கு. நான் ஸ்டேஷனுக்கு எழுதிடறேன்" என்றார். ஏட்டம்மா விறைப்பாக நின்று, "கஷ்டமா இருந்துச்சுங்கய்யா" என்றார். மறுபடி வைத்தார்கள். மறுபடி பச்சை, மறுபடி ஒன்பது. மிஷினில் கோளாறு என்று நினைத்துப் பெல்ட்டை மாற்றினார்கள். அதுவும் பச்சையே சொன்னது.

நான் வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் தாயி, ஒனக்குத்தான ஸ்டேஷனு வேணும்? ரெண்டுன்னா வாயி வலிக்கவா செய்யும்?"

"பொய்யி சொல்லிட்டுப் போயி கேட்டுல நின்னா, திரும்பவும் கை விட்டுப் போகும் அண்ணாச்சி."

"அப்ப கஷ்டமா இருந்தா கோடு ஏன் ஏற மாட்டேங்குது?"

"அது எனக்கும் தெரியல. அந்த மேடத்துக்கே தெரியல. நீங்க கேனுக்குள்ள பாத்துச் சொல்லுங்க" என்று சிரித்தார். சிரித்ததோடு சரி, ஒன்பதை விடவில்லை.

பதில் ஒரு நாள் டீ குடிக்கும்போது வந்தது, வந்ததாக மேடம் சொன்னார். ஏட்டம்மா பெல்ட்டைக் கழற்றாமலேயே வந்து டீ குடித்துக்கொண்டு, அந்த ஆட்டைப் பற்றிப் பேசி விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தால் கோடு மஞ்சளுக்கு மேலே துள்ளுகிறது. ஓடி வந்து, "அக்கா, சிரிச்சா ஏறுது, வெடிச்சா எறங்குது. என்னங்க்கா இது?" என்று கேட்டார். ஏட்டம்மா கிளாஸைக் கீழே வைத்தார். "மருந்து ரூம்ல அப்படித்தான் இருக்கணும் மேடம். அங்கன பயந்து கையி ஒதறுனா அம்புட்டுதான், எல்லாரும் போயிருவோம். பயம் வந்தா மூச்ச எறக்குன்னு எங்கம்மா சொல்லும். வேகமா நடக்கப்படாது, மருந்து ஏனத்த தரையில இழுக்கப்படாது, வெடுக்குனு திரும்பப்படாது. பழகிப் பழகி, பயந்தா எனக்கு எல்லாம் மெதுவாயிரும்" என்றார். மேடம் வெள்ளைக் கோட்டைக் காட்டினார். மூளைக் கோடு. அது ஒவ்வொரு தடவையும் உச்சியில்தான் நின்றிருக்கிறது. நிறமில்லாத கோடு என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் அவருக்குப் பச்சை என்றால் பயமா? இறங்க இறங்கப் பயம் அதிகமா? மேடம் ஆமாம் என்பது போலவும் இல்லை என்பது போலவும் தலையை ஆட்டினார். "ஒரே ஒருத்தர வெச்சு அப்படிச் சொல்ல முடியாதுங்கண்ணா." எனக்கு ஏட்டம்மா ஒருவர்தானே முக்கியம். மற்றவர்களை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்?

கடைசியில் அவர் தேறினாரா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. தீபாவளி சீசன் வந்தது. ஆர்டர் குவிந்து எல்லாக் கம்பெனியிலும் ராப்பகலாக வேலை. ஸ்டேஷன்களில் ஆள் பற்றவில்லை. ஏட்டம்மாவை அனுப்பினார்கள். "பாஸா தாயி?" என்று கேட்டேன். "கேக்கல அண்ணாச்சி. கேட்டா திரும்பக் கூப்பிட்டுருவாகளோன்னு வந்துட்டேன்" என்றார்.

அந்தச் சீசனில் ஒரு கம்பெனி ஷெட்டில் தீப்பிடித்தது. நான் ஆர்டர் டீ கொண்டு போயிருந்தேன், வாசலில் மாட்டிக்கொண்டேன். ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். ஏட்டம்மா அவளைப் பிடித்து இழுக்கவில்லை. குறுக்கே கையும் நீட்டவில்லை. அவள் இரண்டு கையையும் பற்றிக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இழுவையில் அவளும் உட்கார்ந்தாள். "ஒம் பேரு என்ன? யாரு உள்ள இருக்கா? எந்த ரூமு? மெதுவாச் சொல்லு, நான் எங்கயும் போவல" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அன்றைக்கு யாரும் உள்ளே ஓடவில்லை. எல்லாரும் உயிரோடு வெளியே வந்தார்கள். நான் ஏட்டம்மாவின் முகத்தைப் பார்த்தேன். தூங்கி எழுந்த முகம் மாதிரி இருந்தது. இப்போது பெல்ட் கட்டினால் எம்புட்டுப் பச்சையாக இருக்கும் என்று நினைத்தேன்.

அடக்கம் முடிந்து காரியங்களும் முடிந்த பிறகு ஜான்சன் தம்பி என்னைக் கூப்பிட்டனுப்பினார். பயிற்சி நடந்த அறையில் நிவேதா மேடத்தோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குள் ஏட்டம்மா பேசியதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்து இருக்கிறதாம். அதிகாரிகள் நிறத்தைத்தான் பார்த்தார்கள், சத்தத்தைக் கேட்டதில்லை. மேடம் கேட்டிருக்கிறார், ஆனால் அவருக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. ஜான்சன் தம்பி அனுமதி கேட்டு, முந்தின நாளே எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். கண் வீங்கியிருந்தது. "அவ ஒங்ககிட்டதான அண்ணாச்சி பேசிருக்கா. நீங்களும் ஒரு தடவ கேட்டுருங்க" என்றார்.

கண்ணாடியை என் முகத்தில் மாட்டினார்கள். என் படத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. புகைக்குள்ளிருந்து துண்டை உதறிக்கொண்டு நான் ஓடி வருகிறேன். இவ்வளவு கிழடு தட்டிவிட்டதா என்று முதலில் தோன்றியது. பிறகு அது தோன்றவில்லை. கண்ணைப் பிதுக்கிக்கொண்டு, வாய் கோணி, "என் மக உள்ள இருக்கா, விடுங்க" என்று நானே என் மேல் வந்து விழுகிறேன். கால் பின்னால் போனது, ஜான்சன் தம்பி தோளைப் பிடித்துக்கொண்டார். அப்போது காதுக்குள் ஏட்டம்மாவின் குரல், பக்கத்திலேயே, மெதுவாக:

"பால்பாண்டி அண்ணே, நில்லுங்க. அக்கா பின்பக்க வேலி வழியா வெளிய வந்துட்டாக. ஒங்களத்தான் தேடிக்கிட்டு நிக்காக. நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க."

படத்தில் இருக்கிற நான் அதைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன், படம்தானே. "என் மக உள்ள இருக்கா" என்று திரும்பக் கத்துகிறேன். "மக இல்லண்ணே, அக்கா. அக்கா வந்துட்டாக" என்கிறார். மேடம் அதற்கு அடுத்த நாள் பயிற்சியின் பதிவைப் போட்டார். அதிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. வேலி, அக்கா, வாங்கண்ணே. கண்ணாடியைக் கழற்றியபோது மேடம் மெதுவாகச் சொன்னார்: "உங்க பேரே பால்பாண்டின்னுதானுங்கண்ணா நான் நெனச்சிட்டிருந்தேன்."

ஏட்டம்மா எனக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த பிள்ளை. கல்யாண நாளிலிருந்து என் டீயைக் குடித்தவர். முன்பின் என்னோடு பேசாதவர்கள்கூட அந்தக் கண்ணாடிக்குள் என்னை அண்ணாச்சி என்று கண்டுகொண்டார்கள். அவர் ஒருவருக்கு மட்டும் நான் வேறு ஆளாகத் தெரிந்திருக்கிறேன். தெரிந்தேதான் அப்படிக் கூப்பிட்டாரா, அந்தப் புகையில் நிஜமாகவே அப்படித் தெரிந்ததா? ஒன்பது என்று சொன்னது எந்தக் கஷ்டத்தை? பத்து என்று சொல்லாமல் ஒன்றை எதற்காக மிச்சம் வைத்தார்? மரத்தடியில் தினமும் நின்றாரே, அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

ஏட்டம்மாவிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், இந்தக் குரல்தான். அது என்னிடம் சொன்னதும் இல்லை, எனக்கு உரியதும் இல்லை. உரியவர் பால்பாண்டி, அவர் போய்விட்டார். அவர் மனைவி விஸ்வநத்தத்தில் இன்னும் அதே வேலைக்குப் போய் வருகிறார். அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டுமா, கூடாதா? ஆறியதைக் கீறுவதா இது, ஆற்றுவதா? ஜான்சன் தம்பிக்கும் தெரியவில்லை. சொல்லாமல் இருக்க நமக்கு உரிமை இல்லை என்று நேற்று சாயங்காலம் அவர்தான் ஒரு முடிவுக்கு வந்தார். நான் சரி என்றேன். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று விடிந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் போய் நின்று, நான் யார் என்று சொல்லி, அந்தப் படத்தில் உங்கள் வீட்டுக்காரராக...

"அண்ணாச்சி, கெளம்புவமா? அந்தக்கா இன்னிக்கு வேலைக்குப் போகாம நமக்காக இருக்காகளாம்."

இந்தா வந்துட்டேன் ஜான்சன் தம்பி. செல்வி, நீ எழுது, நான் அந்த அம்மாகிட்ட மொதல்ல சொல்லப் போறது என்னன்னா, அன்னைக்கு வாசல்ல ஏட்டம்மா...